பாலா தேவி (கால்பந்து வீராங்கனை)

நாங்கோம் பாலா தேவி (பிறப்பு: 2 பிப்ரவரி 1990) மணிப்பூர் மாநிலத்தைச் சேர்ந்த இந்தியக் கால்பந்து வீராங்கனை ஆவார். இவர் முன்களத்தில் ஆடும் தாக்குநர். இந்திய மகளிர் தேசிய அணியின் தலைவராக இருந்தவர். இந்திய மகளிர் லீக் போட்டியில் 2017–18, 2018–19 ஆகிய இரு பருவங்களிலும் அதிக கோல் அடித்தவர். 2020 சனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்துடன் தொழில்முறை ஒப்பந்தம் செய்துகொண்டார். ஐரோப்பாவின் முன்னணிக் கழகம் ஒன்றில் இத்தகைய ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் இவரே.

பாலா தேவி தேசிய அணியில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 15. முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தபோது வயது 29. நான்கு நாட்களில் 30 நிறைவடைந்தது. இந்த இடைவெளியில் அவர் தொடர்ந்து ஆடினார், கோல் அடித்தார், நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கினார். ஆயினும் கால்பந்து ஆடுவதற்காகவே மாதந்தோறும் ஊதியம் தரும் கழகம் அவருக்கு அமையவில்லை. அவருடைய கழக வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, இந்தியாவில் மகளிர் கால்பந்து எவ்வாறு நடத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இளமைக்காலம்

பாலா தேவி மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்டத்தில் உள்ள இரெங்பம் என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதில் ஊர்ச் சிறுவர்களுடன் சேர்ந்து ஆடியே கால்பந்து கற்றார். 2002 ஆம் ஆண்டில், 12 வயதில், மணிப்பூரின் 19 வயதிற்குட்பட்டோர் அணியில் இடம்பெற்றார். தம்மைவிட ஆறேழு வயது மூத்தவர்களுடன் ஆடவேண்டிய நிலை அது. 2005 ஆம் ஆண்டில் இந்திய மூத்தோர் அணிக்குத் தேர்வானார்.

மணிப்பூரில் பிறந்தது அவருக்கு ஒரு வகையில் வாய்ப்பாக அமைந்தது. இந்திய மகளிர் கால்பந்தில் நீண்ட காலமாக முதலிடத்தில் இருக்கும் மாநிலம் அது. மாநில அணிகளுக்கிடையே நடைபெறும் மூத்தோர் தேசிய மகளிர் வாகையர் போட்டியில் மணிப்பூர் 20க்கும் மேற்பட்ட முறை வென்றுள்ளது. பாலா தேவிக்கு முந்தைய தலைமுறையில் இந்திய அணியின் முகமாக விளங்கிய ஓய்னம் பெம்பெம் தேவியும் மணிப்பூரைச் சேர்ந்தவரே. பெம்பெம் தேவிக்கு 2017 இல் அர்ஜுனா விருதும் 2020 இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன. ஒரு சிறுமி பந்தை உதைத்துக்கொண்டு போவதை வேடிக்கையாகப் பார்க்காத ஊர்கள் இந்தியாவில் அக்காலத்தில் குறைவு. மணிப்பூரில் அப்படிப்பட்ட ஊர்கள் பல இருந்தன.

பின்னணி: லீக் இல்லாத காலம்

இந்தியாவில் மகளிர் கால்பந்து 1970களில் அமைப்பு வடிவம் பெற்றது. 1975 இல் இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. கோழிக்கோட்டில் 1980 சனவரியில் நடைபெற்ற ஆசிய மகளிர் போட்டியில் இந்திய அணி இரண்டாமிடம் பெற்றது. 1983 இல் பாங்காக்கிலும் இரண்டாமிடம் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் மகளிர் கால்பந்தின் நிருவாகம் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின்கீழ் வந்தது.

அதன்பின் ஆண்கள் கால்பந்து தேசிய லீக், ஐ-லீக், இந்தியன் சூப்பர் லீக் என்று வளர்ந்தது. மகளிருக்குத் தேசிய அளவில் கழகப் போட்டி ஏதும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மாநில அணிகள் மோதும் தேசிய வாகையர் போட்டியே முதன்மையான களமாக இருந்தது. அது சில வாரங்களில் முடிந்துவிடும். தேசிய அணிக்கும் ஆட்டங்கள் அரிதாகவே கிடைத்தன. 18 மாதங்களுக்கு மேல் பன்னாட்டு ஆட்டம் எதிலும் பங்கேற்காததால் 2009 இல் இந்திய மகளிர் அணியின் பெயர் பிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அப்போது பாலா தேவிக்கு 19 வயது. தாக்குநர் ஒருவரின் ஆட்டம் முதிர்ந்து வரும் பருவத்தில், ஆடுவதற்குப் போட்டிகளே இல்லாத நிலை நிலவியது.

2010 இல் தெற்காசிய மகளிர் வாகையர் போட்டி தொடங்கிய பின்னரே நிலைமை ஓரளவு மாறியது. அதன் முதல் ஐந்து போட்டிகளையும் இந்தியாவே வென்றது. 2014 இல் இஸ்லாமாபாத்தில் நடைபெற்ற மூன்றாவது போட்டியில் பாலா தேவி 16 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். 2014, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீராங்கனை விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோது அணியின் தலைவராக இருந்தவரும் அவரே. நாட்டின் சிறந்த வீராங்கனை என்று இருமுறை அறிவிக்கப்பட்ட அந்த ஆண்டுகளிலும், அவர் ஆடுவதற்குத் தேசிய லீக் என்று ஒன்று இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

காவல்துறைப் பணி

லீக் இல்லாத நாட்டில் கால்பந்து வீராங்கனைகள் எவ்வாறு வாழ்ந்தனர் என்ற கேள்விக்கு விடை அரசுப் பணியில் உள்ளது. காவல்துறை, இரயில்வே, துணை இராணுவப் படைகள் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டின்கீழ் வீராங்கனைகளைப் பணியமர்த்தின. நிலையான சம்பளம், பயிற்சிக்கு நேரம், போட்டிகளுக்குச் செல்ல விடுப்பு ஆகியவை இதனால் கிடைத்தன. பாலா தேவி 2010 இல் மணிப்பூர் காவல்துறையில் சேர்ந்தார். அதன் விளையாட்டுக் கழகத்துக்காகவும் ஆடினார்.

இந்த ஏற்பாட்டின் தன்மையை அறிய, தொழில்முறை ஆட்டக்காரர் என்பதற்குப் பிஃபா தரும் வரையறையைப் பார்க்கலாம். அதன்படி, ஒரு கழகத்துடன் எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஆட்டத்துக்காக ஆகும் செலவைவிடக் கூடுதலான தொகை ஆட்டத்துக்காகவே வழங்கப்பட வேண்டும். இவ்விரண்டும் இல்லாத அனைவரும் அமெச்சூர் ஆட்டக்காரர்களே. காவல்துறையில் வாங்கும் சம்பளம் காவல் பணிக்கானது, கால்பந்துக்கானதன்று. ஆகவே நாட்டுக்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் கோல் அடித்த ஒருவரும் விதிமுறைப்படி அமெச்சூராகவே கருதப்பட்டார்.

அரசுப் பணி வீராங்கனைகளைக் காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை. காயம் பட்டாலும், அணியில் இடம் போனாலும் சம்பளம் நிற்காது. ஓய்வுபெற்ற பின்னும் வேலை இருக்கும். ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. இன்னொரு பக்கம், கழகங்கள் ஊதியம் கொடுத்து அணி திரட்டவேண்டிய தேவையை அது தள்ளிப்போட்டது. தமிழ்நாட்டிலும் இதே நிலையைக் காணலாம். கடலூரைச் சேர்ந்த நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றிக்கொண்டே இந்திய அணியில் இடம்பிடித்தவர்.

இந்திய மகளிர் லீக்

2016–17 பருவத்தில் இந்திய மகளிர் லீக் தொடங்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் புதுதில்லியில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன், ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட் கழகத்தை 3–0 என வென்று முதல் வாகையர் ஆனது. அப்பருவத்தில் 12 கோல்களுடன் முதலிடம் பெற்றவர் மற்றொரு மணிப்பூர் வீராங்கனையான யும்னம் கமலா தேவி.

கிரிப்சா (2017–18)

இரண்டாம் பருவத்தில் பாலா தேவி கிரிப்சா கழகத்துக்காக ஆடினார். இம்பாலின் காங்சுப் சாலைப் பகுதி இளைஞர்களின் உடற்பயிற்சி, விளையாட்டுச் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு இது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே கிரிப்சா ஆயின. இறுதிச் சுற்று 2018 மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் ஷில்லாங்கில் நடைபெற்றது. பாலா தேவி 12 கோல்கள் அடித்து, பருவத்தின் அதிக கோல் அடித்த வீராங்கனையானார். வாகையர் பட்டத்தை ரைசிங் ஸ்டூடண்ட் கழகம் கைப்பற்றியது.

மணிப்பூர் காவல்துறை விளையாட்டுக் கழகம் (2018–19)

மூன்றாம் பருவம் 2019 மே 5 முதல் 22 வரை பஞ்சாபின் லூதியானாவில், குருநானக் அரங்கில் நடைபெற்றது. 12 அணிகள் இரு பிரிவுகளாக ஆடின. பாலா தேவி தம் பணியிடமான மணிப்பூர் காவல்துறையின் கழகத்துக்காகக் களமிறங்கி, 7 ஆட்டங்களில் 26 கோல்கள் அடித்தார். அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ நான்கு கோல்கள். இரண்டாவது முறையாகத் தொடர்ந்து அதிக கோல் அடித்தவர் என்ற சிறப்பைப் பெற்றார்.

மணிப்பூர் காவல்துறை அணி இறுதி ஆட்டத்துக்கு முன்னேறியது. அங்கு எதிரணியாக நின்றது மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி. 2016 இல் தொடங்கப்பட்ட சேது, 3–1 என்ற கோல் கணக்கில் வென்று பட்டம் பெற்றது. இந்திய மகளிர் லீக் பட்டம் வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் சேது எஃப்சி ஆகும். அந்த அணியில் நேபாளத்தின் தாக்குநர் சபித்ரா பண்டாரியும், பின்னாளில் ஐரோப்பா சென்ற பஞ்சாப் வீராங்கனை மனீஷா கல்யாணும் இருந்தனர்.

26 கோல்கள் என்ற எண்ணிக்கையை மதிப்பிடும்போது இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, அக்காலத்தில் அணிகளுக்கிடையே தர வேறுபாடு மிகுதி. பல்லாண்டு அனுபவமுள்ள தேசிய வீராங்கனைகள் ஒரு பக்கமும், புதிதாகத் திரட்டப்பட்ட அணிகள் மறுபக்கமும் மோதின. பெரிய கோல் வேறுபாட்டில் முடிந்த ஆட்டங்கள் பல. இரண்டாவது, இறுதிவரை சென்ற அணி 18 நாட்களில் ஏழு ஆட்டங்கள் ஆடவேண்டியிருந்தது. அதுவும் வட இந்தியாவின் மே மாத வெயிலில். போதிய ஓய்வின்றி இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை களமிறங்கி, ஒவ்வோர் ஆட்டத்திலும் கோல் தேடுவது எளிதன்று.

இவ்விரண்டையும் தாண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. 18 நாட்களில் முடிந்த போட்டி அந்த ஆண்டின் ‘லீக்’ என்று அழைக்கப்பட்டது. பொதுவாக லீக் என்பது பல மாதங்கள் நீளும். ஒவ்வோர் அணியும் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும். இந்திய மகளிர் லீக் அப்போது ஒரே ஊரில், குறுகிய நாட்களில் நடந்து முடிந்தது. எஞ்சிய 11 மாதங்களுக்குக் கழகம் ஊதியம் தரவேண்டிய தேவை எழவில்லை. வீராங்கனைகள் சில வாரங்களுக்குக் கழகத்தில் சேர்ந்து, ஆடி, மீண்டும் தத்தம் வேலைக்குத் திரும்பினர். லீக்கின் அமைப்பே தொழில்முறை ஒப்பந்தத்துக்கு இடம்தரவில்லை.

ரேஞ்சர்ஸ்

ஒப்பந்தம்

2019 இல் பெங்களூரு எஃப்சி கழகமும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த ரேஞ்சர்ஸ் கழகமும் கூட்டுறவு உடன்பாடு செய்துகொண்டன. பாலா தேவி ரேஞ்சர்ஸ் செல்ல வழியமைத்தது இந்தத் தொடர்பே. 2019 நவம்பரில் அவர் கிளாஸ்கோவில் தேர்வுப் பயிற்சியில் பங்கேற்றார். 2020 சனவரி 29 அன்று, 18 மாத ஒப்பந்தத்தில் அவர் சேர்ந்துள்ளதாக ரேஞ்சர்ஸ் அறிவித்தது. அவருக்கு 10 ஆம் எண் சட்டை வழங்கப்பட்டது. அக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆசியப் பன்னாட்டு ஆட்டக்காரர் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது.

இதற்கு முன்னரும் இந்தியப் பெண்கள் ஐரோப்பாவில் ஆடியதுண்டு. கோல்காப்பாளர் அதிதி சௌகான், இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது 2015 இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் மகளிர் அணியில் இடம்பெற்றார். படிக்கப் போன இடத்தில் ஆடுவதற்குக் கிடைத்த வாய்ப்பு அது. பாலா தேவியோ ஆடுவதற்கென்றே அழைக்கப்பட்டு, ஊதியத்துடன் ஒப்பந்தம் பெற்றுச் சென்றவர். இவ்வேறுபாடே அவருடைய ஒப்பந்தத்தை முக்கியமானதாக்குகிறது.

அண்டை நாடான மாலைத்தீவுக்கும் இந்திய வீராங்கனைகள் சென்றுள்ளனர். 2014 இல் பெம்பெம் தேவி அங்குள்ள நியூ ரேடியண்ட் கழகத்துக்காக ஆடினார். ஆனால் அங்கும் போட்டிகள் குறுகிய காலமே நடைபெறும். ஆண்டு முழுவதும் நாள்தோறும் பயிற்சி, மருத்துவக் குழு, உடல்தகுதிப் பயிற்றுநர், ஆட்டக் காணொளிப் பகுப்பாய்வு ஆகிய அனைத்தும் அமைந்த சூழலில் ஓர் இந்திய வீராங்கனை இணைந்தது கிளாஸ்கோவில்தான்.

பெருந்தொற்றும் முதல் கோலும்

பாலா தேவி சேர்ந்த சில வாரங்களிலேயே கொரோனா பெருந்தொற்று பரவியது. 2020 மார்ச்சில் ஸ்காட்லாந்து மகளிர் பிரீமியர் லீக் நிறுத்தப்பட்டு, அப்பருவம் கைவிடப்பட்டது. புதிய பருவம் அக்டோபரில்தான் தொடங்கியது. புதிய நாடு, புதிய தட்பவெப்பம், புதிய மொழிவழக்கு ஆகியவற்றுக்குப் பழகவேண்டிய முதல் மாதங்கள் ஊரடங்கில் கழிந்தன.

2020 டிசம்பர் 6 அன்று மதர்வெல் அணிக்கு எதிரான லீக் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் 9–0 என வென்றது. பாலா தேவி 65 ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கி, 85 ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். ரேஞ்சர்ஸ் அணிக்காக அவர் அடித்த முதல் போட்டிக் கோல் அது. ஆட்டத்தின் முடிவை மாற்றாத கோல்தான். எனினும் ஐரோப்பாவின் முதல்நிலை மகளிர் லீக்கில் தொழில்முறை ஒப்பந்தத்துடன் ஆடிய இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் கோல் என்ற வகையில் இந்தியச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது.

2021 சனவரியில் பெருந்தொற்று காரணமாக லீக் மீண்டும் நிறுத்தப்பட்டு, ஏப்ரலில் தொடர்ந்தது. அப்பருவத்தில் கிளாஸ்கோ சிட்டி தொடர்ந்து 14 ஆவது முறையாக வாகை சூடியது.

ஆட்டத்தில் நேர்ந்த மாற்றம்

இந்தியாவில் பாலா தேவி இடம்பெற்ற அணிகள் பெரும்பாலும் அவரை மையமாக வைத்தே தாக்குதலை அமைத்தன. பந்து அவரிடம் வந்துசேர்வதே அணியின் திட்டமாக இருந்தது. ரேஞ்சர்சில் அவர் பல தாக்குநர்களில் ஒருவர். தொடக்க அணியில் இடம் உறுதியில்லை. பிற்பாதியில் மாற்றாக இறங்கும்போது கிடைக்கும் 20, 25 நிமிடங்களில் தம்மை மெய்ப்பிக்க வேண்டும். ஐரோப்பியக் கழகங்களில் தாக்குநரே முதல் தடுப்பாளர். பந்து எதிரணியிடம் போனதும் பின்தொடர்ந்து நெருக்குதல் கொடுக்க வேண்டும். அதற்கான ஓட்டமும் உடல்வலுவும் நாள்தோறும் செய்யும் பயிற்சியில்தான் வரும்.

ஆகவே லூதியானாவின் 26 கோல்களையும் கிளாஸ்கோவின் கோல்களையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பது பொருந்தாது. முதலாவது, தமக்குச் சமமான எதிரிகள் குறைவாக இருந்த களத்தில் அவர் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, 30 வயதில் அவர் மீண்டும் ஒரு கற்றுக்குட்டியின் இடத்திலிருந்து தொடங்கினார் என்பதைக் காட்டுகிறது. பெரும்பாலான ஐரோப்பிய வீராங்கனைகள் 16, 17 வயதிலேயே பெறும் பயிற்சிச் சூழல் அவருக்கு 13 ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்தது.

அவர் ஸ்காட்லாந்தில் இருந்த காலத்தில் இந்தியாவின் நிலையையும் கருத வேண்டும். 2020 பிப்ரவரி 14 அன்று பெங்களூருவில் நடைபெற்ற இறுதி ஆட்டத்துக்குப் பின், இந்திய மகளிர் லீக்கின் அடுத்த ஆட்டம் 2022 ஏப்ரலில்தான் நடைபெற்றது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உள்நாட்டு வீராங்கனைகளுக்குத் தேசியக் கழகப் போட்டி ஏதும் இல்லை. ஆண்களுக்கான இந்தியன் சூப்பர் லீக், பார்வையாளர்கள் இல்லாமல் கோவாவில் தடையின்றி நடத்தப்பட்டது. 2020–21 பருவத்துக்கான சிறந்த வீராங்கனை விருதைக் கூட்டமைப்பு பாலா தேவிக்கு மூன்றாவது முறையாக வழங்கியது. அந்த ஆண்டில் தொடர்ந்து கழக ஆட்டங்கள் ஆடிய இந்திய வீராங்கனைகள் மிகச் சிலரே.

காயம்

பின்னர் ஏற்பட்ட முழங்கால் காயம் அவரை நீண்ட காலம் களத்திலிருந்து விலக்கி வைத்தது. 2022 சனவரியில் இந்தியாவிலேயே நடைபெற்ற ஆசியக் கோப்பையில் அவரால் ஆட இயலவில்லை. அப்போட்டியில் இந்தியா ஈரானுடன் 0–0 எனச் சமன் செய்தது. அடுத்த ஆட்டத்துக்கு முன் அணியில் பலருக்குக் கொரோனா தொற்று உறுதியானதால், களமிறக்கப் போதிய வீராங்கனைகள் இல்லாமல் இந்தியா போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. சொந்த மண்ணில் ஆசியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு பாலா தேவியின் தலைமுறைக்கு அந்த ஒருமுறைதான் வந்தது.

தேசிய அணிக்குத் திரும்புதல்

முப்பது வயதைக் கடந்த தாக்குநர்கள் முழங்கால் காயத்துக்குப்பின் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. பாலா தேவி 2023 இல் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான இந்திய அணியில் மீண்டும் இடம்பெற்றார். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் நடைபெற்ற தெற்காசிய வாகையர் போட்டியில், பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா 5–2 என வென்ற ஆட்டத்தில் அவர் அடித்தது அவருடைய 50 ஆவது பன்னாட்டுக் கோலாகக் கணக்கிடப்பட்டது. 50 பன்னாட்டுக் கோல்களை எட்டிய முதல் இந்தியப் பெண் அவர். அப்போது அவருக்கு வயது 34.

கோல் கணக்கில் வேறுபாடு

பாலா தேவியின் கோல் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. 2020 இல் ரேஞ்சர்ஸ் வெளியிட்ட அறிவிப்பில், 2010 முதல் 58 பன்னாட்டு ஆட்டங்களில் 52 கோல்கள் அடித்தவர் என்று குறிப்பிடப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் 2024 இல் அடித்த கோல் 50 ஆவது கோலாகக் கொள்ளப்பட்டது. உள்நாட்டில் 120 ஆட்டங்களில் 100க்கும் மேற்பட்ட கோல்கள் என்பதும் ரேஞ்சர்சின் அறிவிப்பில் இருந்த கணக்கே. எந்தெந்த ஆட்டங்களைச் சேர்ப்பது, எவற்றை விடுப்பது என்பதில் பட்டியல்கள் ஒத்துப்போகவில்லை.

ஆண்கள் கால்பந்தில் சுனில் சேத்ரியின் ஒவ்வொரு கோலும் நாள், நிமிடம், எதிரணி ஆகிய விவரங்களுடன் பதிவாகியுள்ளது. மகளிர் ஆட்டங்கள் பல தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவில்லை. செய்தித்தாள்களில் மதிப்பெண் அளவிலேயே நின்றுவிட்டன. ஆகவே இக்கணக்கு வேறுபாட்டை வீராங்கனையின் குறையாகக் கொள்ள இயலாது. ஆட்டம் எந்த அளவுக்குக் கவனிக்கப்பட்டது என்பதன் அடையாளமாகவே கொள்ள வேண்டும்.

பாலா தேவிக்குப் பின்

2022 முதல் இந்திய வீராங்கனைகள் வெளிநாட்டுக் கழகங்களுக்குச் செல்வது கூடியது. சேது எஃப்சியில் இந்திய மகளிர் லீக் பட்டம் வென்ற மனீஷா கல்யாண், சைப்ரசின் அப்போலோன் மகளிர் கழகத்தில் சேர்ந்தார். 2022 ஆகஸ்ட்டில் ஐரோப்பிய மகளிர் வாகையர் லீக்கில் ஆடிய முதல் இந்தியரானார். அப்போது அவருக்கு வயது 20. தாங்மெய் கிரேஸ் உஸ்பெகிஸ்தானின் நசாஃப் கழகத்திலும், சௌமியா குகுலோத், ஜோதி சௌகான் ஆகியோர் குரோவாசியாவின் டினாமோ சாகிரெப் கழகத்திலும் ஆடினர்.

உள்நாட்டு லீக்கிலும் மாற்றங்கள் வந்தன. 2023–24 பருவம் முதன்முறையாகச் சொந்த ஊர், எதிரணி ஊர் என்ற முறையில், ஏழு அணிகளுடன், டிசம்பர் முதல் மார்ச்சு வரை நடைபெற்றது. முன்னணிக் கழகங்கள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளைத் தொழில்முறை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்றும், ஆண்டுக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய் ஊதியம் தரவேண்டும் என்றும் கூட்டமைப்பு 2023 இல் முடிவெடுத்தது. மாதத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 26,700 ரூபாய். பெரிய தொகை அன்று. காவல்துறையிலோ இரயில்வேயிலோ நிலையான வேலை பெற்ற ஒருவர் அதைவிட்டு வரும் அளவுக்கு இத்தொகை ஈர்க்குமா என்பது ஐயமே. எனினும் கால்பந்து ஆடுவதே ஒரு பெண்ணின் தொழிலாக இருக்கலாம் என்பதை இந்திய விதிமுறை முதன்முறையாக ஏற்றுக்கொண்டது இந்த முடிவில்தான்.

தமிழ்நாட்டிலும் இக்காலத்தில் மகளிர் கால்பந்து வலுப்பெற்றது. மூத்தோர் தேசிய வாகையர் போட்டியில் தமிழ்நாடு அணி 2018 இல் மணிப்பூரையும், 2023 இல் அரியானாவையும் இறுதி ஆட்டத்தில் வென்றது. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த தாக்குநர் சந்தியா ரங்கநாதன் சேது எஃப்சி வழியாகத் தேசிய அணிக்கு உயர்ந்தார். 2023–24 ஆம் ஆண்டுக்கான சிறந்த வீராங்கனை விருது இந்துமதி கதிரேசனுக்குக் கிடைத்தது. பாலா தேவி மூன்றுமுறை பெற்ற அதே விருது அது.

2025 சூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்திய மகளிர் அணி தாய்லாந்தை 2–1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றது. தகுதிச் சுற்றில் வென்று இந்திய மகளிர் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல்முறை.

சிறப்புகள்

அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீராங்கனை: 2014, 2015, 2020–21
தெற்காசிய வாகையர் போட்டியில் அதிக கோல் அடித்தவர்: 2014 (16 கோல்கள்)
தெற்காசிய விளையாட்டுப் போட்டித் தங்கப் பதக்கம், அணித்தலைவர்: 2016
இந்திய மகளிர் லீக்கில் அதிக கோல் அடித்தவர்: 2017–18 (கிரிப்சா, 12 கோல்கள்), 2018–19 (மணிப்பூர் காவல்துறை, 26 கோல்கள்)
ஐரோப்பாவின் முன்னணிக் கழகத்துடன் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண்: 2020
50 பன்னாட்டுக் கோல்களை எட்டிய முதல் இந்தியப் பெண்: 2024